பிரேக் பிடித்துக்கொண்டு சூடாகும் ஜீப்புகள் குறித்து

மதிப்பிற்குரிய வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

சேற்றுத் தடங்களில் ஓடிவிட்டு வரும் ஜீப்புகளில், பெடலிலிருந்து காலை எடுத்த பிறகும் சக்கரம் விடுபடாமல் சூடாகிறது என்று சொல்பவர்கள், பெரும்பாலும் சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் பிரேக் பேட்டை மாற்றித் தருமாறே கேட்கிறார்கள். பேட் தேய்வதும் கருகுவதும் விளைவுதான். காரணத்தைக் கண்டுபிடிக்காமல் புதுப் பேட் போட்டால் அதுவும் சீக்கிரமே கருகும்.

போடிமெட்டிலிருந்து கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கி வந்ததும் நான்கு சக்கரங்களும் சூடாக இருப்பது கோளாறு அன்று. சமதளத்தில் பிரேக்கை அதிகம் தொடாமல் ஓட்டிய பின்பும் சூடு இருந்தால், அல்லது ஒரு சக்கரம் மட்டும் மற்றவற்றைவிடக் கொதித்தால், அப்போதுதான் சந்தேகப்பட வேண்டும். டிஸ்க்கைத் தொட்டுப் பார்க்க வேண்டாம், கை வெந்துவிடும்.

எங்கள் பட்டறையில் முதலில் வண்டியை ஜாக்கியில் தூக்கிச் சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்ப்போம். இறுக்கமாக இருந்தால் அந்தச் சக்கரத்தின் பிரேக்கிலிருந்து ஏர் எடுக்கும் நிப்பிளைச் சற்றே தளர்த்துவோம். பிரேக் ஆயில் பீறிட்டு வந்து சக்கரம் உடனே விடுபட்டால், அழுத்தம் உள்ளே சிக்கியிருக்கிறது என்று பொருள். விடுபடாவிட்டால், சேறு புகுந்து இறுகிய காலிப்பர் பின் (பேட்டைத் தாங்கும் காலிப்பர் நகர உதவும் ஊசி), பேட்டைத் தள்ளும் பிஸ்டனில் பிடித்த துரு, பின்சக்கரமானால் திரும்பாத ஹேண்ட்பிரேக் கேபிள் ஆகியவற்றைப் பார்ப்போம்.

அழுத்தம் சிக்கிய வண்டிகளில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். பெடலை மிதித்ததும் ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரின் குழாய் இணைப்பைத் தளர்த்தியதும் சக்கரங்கள் விடுபட்டால் கோளாறு மேலே இருக்கிறது; பெடலுக்குச் சிறிதும் தளர்வு வைக்காமல், பெடலையும் அந்தச் சிலிண்டரையும் இணைக்கும் புஷ்ராடை இறுக்கியிருந்தால், சூட்டில் விரியும் ஆயில் தொட்டிக்குத் திரும்ப வழியின்றிப் பிரேக்கைத் தானே பிடிக்கும். அங்கே தளர்த்தியும் விடாமல், நிப்பிளைத் திறந்தால் மட்டும் விட்டால், இடையிலுள்ள ரப்பர் ஹோஸ் உட்புறம் வீங்கி அடைத்திருக்கும். வெளியே பார்த்தால் அது புதிது போலவே தெரியும் என்பதால் கடைசிவரை யாரும் அதைச் சந்தேகிப்பதில்லை.

பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 என்னும் வகை பிரேக் ஆயில் புதிதாக இருக்கையில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்கும். ஈரமேறிய பின் அந்த வரம்பு 155 வரை இறங்கிவிடும். பிடித்துக்கொண்ட பிரேக்கோடு மலையிறங்கினால் ஆயில் கொதித்துப் பெடல் தரைவரை போவது இதனால்தான். தொட்டியில் எஞ்சின் ஆயிலை ஊற்றிவிட்டால் ரப்பர் சீல்கள் அனைத்தும் வீங்கிவிடும்.

வண்டி ஆறியதும் இக்கோளாறு பெரும்பாலும் மறைந்துவிடுவதால், ஓட்டிச் சூடாக்கிப் பார்க்க எங்களுக்கு அரை நாள் தேவைப்படும். புகையோ கருகல் நெடியோ வந்தால் வண்டியை ஓட்டிவராமல் எங்களுக்குத் தகவல் தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
பட்டறை நிர்வாகம்