கதிர் விஷயம்

அன்புள்ள சேகர்,

இங்கே உடம்புக்கு நலம், மனசுக்குத்தான் இல்லை. நான்கு மாதமாக ஒரு வரி எழுதவில்லை, உன் பேத்தி காதுகுத்துக்கும் வரவில்லை. நேரில் வரும்போது ஆசைதீரத் திட்டு. முதலில் இதைப் படி.

கதிருக்குக் கழுத்தில் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு கட்டி. நெறிகட்டியிருக்கிறது என்று அவன் அம்மா செல்வி பத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். சதை எடுத்துச் சோதித்தால் ஹாட்ஜ்கின் லிம்போமா. பெரும்பாலும் குணமாகிற புற்றுநோய்தான் என்று டாக்டர் அடித்துச் சொன்ன பிறகுதான் அவள் ஒரு வாய் சாப்பிட்டாள்.

திங்கட்கிழமை கீமோ என்று நாள் குறித்தாயிற்று. வியாழக்கிழமை ரத்தம் எடுக்க வந்த நர்ஸ், "தம்பிக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா? விந்து எடுத்து வைத்துவிட்டீர்களா?" என்று கேட்டார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அதுவரை ஐந்து டாக்டர்களைப் பார்த்திருந்தோம் சேகர், ஒருவர்கூட வாய் திறக்கவில்லை!

ஓடிப்போய்க் கேட்டேன். "இந்த மருந்தில் விந்தணு அழிந்தாலும் நிறையப் பேருக்கு மறுபடி உற்பத்தியாகிவிடும்" என்றார் டாக்டர். சரி, நோய் திரும்பினால்? அப்போது மருந்தைப் பலமடங்கு கூட்டி ஸ்டெம் செல் மாற்று வரை போவார்களாம். அதற்குப் பிறகு விந்தணு திரும்புவது அரிது. இடையில் எடுத்துக்கொள்ளலாம் என்றால், மருந்து பட்ட அணுவை நம்ப முடியாது. எடுப்பதென்றால் முதல் சொட்டு நரம்பில் இறங்குவதற்கு முன்னால் எடுக்க வேண்டும். இதைச் சொல்ல ஒரு டாக்டருக்கு ஐந்து நிமிடம் ஆகுமா?

பையனிடம் யார் சொல்வது? அப்பா இல்லாத பிள்ளை. மடியில் வைத்துக் காது குத்திய தாய்மாமன்தான் சொல்ல வேண்டும். தண்ணீர்த் தொட்டியைப் பார்க்கலாம் வா என்று மாடிக்கு அழைத்துப் போனேன். தலையைக் குனிந்தபடி கேட்டுக்கொண்டான். பிறகு, "அப்படியென்றால் நான் பிழைத்துவிடுவேன் என்கிறீர்களா மாமா?" என்றான். தொட்டிச் சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

சனிக்கிழமை விந்து வங்கிக்குப் போனோம். அந்த அறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் சரியில்லை, வெளியே நான் நின்றேன். இருபத்து நான்கு வயதுப் பையன், கையில் பெயர் ஒட்டிய சின்ன பிளாஸ்டிக் டப்பா, கழுத்தில் தையல் பிரிக்காத காயம். முதல் தடவை முடியவில்லை என்று வெளியே வந்துவிட்டான். டீ வாங்கிக் கொடுத்தேன், கிரிக்கெட் பேசினேன், மறுபடி போனான். எண்ணிக்கை குறைவுதான். நோயே குறைத்துவிடுமாம். ஆனால் இப்போது ஒரு கருமுட்டைக்குள் ஒரே ஒரு அணுவை ஊசியால் செலுத்தும் முறை இருப்பதால் அது போதும் என்றார் அங்கே வேலை பார்க்கும் பெண். திரவ நைட்ரஜன் கலத்தின் மூடியைத் திறந்து காட்டினார். வெண்புகை விளிம்பில் வழிந்து தரைக்கு இறங்கியது. உள்ளே மைனஸ் 196 டிகிரி.

ஒப்புதல் படிவத்தில், அவன் இறந்துவிட்டால் இதை என்ன செய்வது என்று ஒரு கட்டம். 2024-ல் டெல்லி உயர் நீதிமன்றம், புற்றுநோயில் இறந்த திருமணமாகாத மகனின் விந்தணுவைப் பெற்றோரிடம் கொடுக்கச் சொன்னதே, நினைவிருக்கிறதா? அது சேமித்து நாலு வருடம் கழித்து வந்த தீர்ப்பு. கதிர் வெகுநேரம் பேனாவை அந்தக் கட்டத்தின் மேல் வைத்திருந்தான். என்ன எழுதினான் என்று நான் பார்க்கவில்லை.

அன்று இரவு முழுக்கக் கோபால் நினைவுதான். 1989-ல் அவனுக்கும் இதே வைத்தியம்தானே? அமெரிக்காவில் 1953-லேயே உறைந்த விந்தணுவால் கருத்தரிக்க வைத்துவிட்டார்கள். இங்கே அவனிடம் ஒருவர் கேட்டாரா? வெகுகாலம் கழித்து அவனைப் பரிசோதிக்கும் வரை வசந்தாதானே அத்தனை பேச்சையும் வாங்கினாள்! வளைகாப்புக்குப் போனால் பின்வரிசையில் உட்கார்வாளே.

வருகிற சனிக்கிழமை இருவரும் கதிரைப் பார்க்க வருகிறார்கள். செல்வி பேச்சுவாக்கில் எல்லாவற்றையும் சொல்லிவிடுவாள். முன்கூட்டியே நானே கோபாலிடம் சொல்லிவிடவா, இல்லை செல்வியைச் சொல்லாதே என்று தடுக்கவா? அவன் மனசு என்னைவிட உனக்குத்தான் தெரியும். வெள்ளிக்கிழமைக்குள் ஃபோன் செய்.

அன்புடன்,
ராமு