0.8475: எங்கள் டெலிவரி மேலாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

நம் மென்பொருளைத் தேதிக்குள் ஒப்படைக்கும் பொறுப்பிலுள்ள மதிப்பிற்குரிய டெலிவரி மேலாளர்களுக்கும் புராடக்ட் குழுவினருக்கும்,

வணக்கம். 2025 செப்டம்பர் 22, ஜிஎஸ்டி வரி மாறிய அன்று, கடைகளுக்கு நாம் விற்கும் பில்லிங் மென்பொருள் தப்புக் கணக்குப் போட்டதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கிளையன்ட் அனுப்பிய மெயிலில் நீங்கள் எல்லோரும் சிசியில் இருந்தீர்கள். மறுநாள் கூட்டத்தில், "ஒரு நம்பரை மாற்ற இத்தனை நாளா?" என்று கேட்டீர்கள். அங்கே வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பதிலை இங்கே எழுதுகிறேன்.

ஜிஎஸ்டி கவுன்சில் 3ஆம் தேதி இரவு அறிவித்தது. ஷாம்பு, சோப்பு, பற்பசை எல்லாம் 18 சதவீதத்திலிருந்து 5க்கு இறங்கின. நவராத்திரி முதல் நாளிலிருந்து அமல். கையில் 19 நாள். வரி விகிதம் மென்பொருளுக்குள் ஒரே அட்டவணையில், எந்தத் தேதியிலிருந்து செல்லும் என்ற விவரத்தோடு இருந்திருந்தால் அரை நாளில் மாற்றிவிட்டு மிச்ச நாளெல்லாம் டெஸ்டிங் பார்த்திருப்போம். நம்மிடம் அது பதினேழு திரைகளில் காப்பி-பேஸ்ட்டாகக் கிடக்கிறது.

புரோகிராம் கோடில் 18 என்று தேடிப் பார்த்தேன். எழுத்தளவு 18, பில்லில் பெயருக்கான அகலம் 18 என்று சம்பந்தமில்லாததெல்லாம் வந்து விழுந்தது. வரியோ ஒரு திரையில் 0.18, இன்னொன்றில் மத்திய, மாநில வரிகளாக 9 கூட்டல் 9, வேறொன்றில் 1.18ஆல் வகுத்தல் என்று இடத்துக்கொரு வேஷம் கட்டியிருந்தது. டோர் டெலிவரி பில்லில் மட்டும் யாரோ 100ஐ 118ஆல் வகுத்து, வந்த விடையை 0.8475 என்று அப்படியே எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அதில் 18ம் இல்லை, 9ம் இல்லை. எந்தத் தேடலில் சிக்கும்? மகாளய அமாவாசை ஞாயிறு, ராத்திரி இரண்டு மணி வரை தேடினோம். சிக்கவில்லை.

திங்கள் காலை பத்தரைக்கு ஒரு கடைக்காரர் போனில் வந்தார். "கவுன்டர்ல 105 ரூபா. அதே ஷாம்புக்கு டோர் டெலிவரி பில்லுல 93 ரூபா 43 காசு. எது தம்பி சரி?" வரிக்கு முந்தைய விலையைப் பழைய கணக்கில் பிரித்து, அதன்மேல் புது வரியை ஏற்றியிருந்தது நம் மென்பொருள். அன்று காலை போன ஒவ்வொரு பார்சலுக்கும் வித்தியாசம் அவர் கைக்காசு.

அந்த 0.8475ஐ எழுதியவரை நான் திட்டமாட்டேன். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது அவர் தலைக்கு மேலும் ஒரு ரிலீஸ் தேதி தொங்கியிருக்கும்.

நாங்கள் கேட்பது ஒன்றுதான். ஒரு திரையில் கைவைக்கும் வேலைக்கு எத்தனை நாள் ஆகும் என்று எஸ்டிமேட் போடும்போது, அங்கே இருக்கும் நகலை ஒன்றாக்கும் நேரத்தையும் அதிலேயே சேர்க்க விடுங்கள்.

கண்ணில் பட்ட நகலையெல்லாம் ஒழிக்கக் கிளம்பவில்லை. இரண்டு இடத்தில் இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும், மூன்றாவது முறை வரும்போது ஒன்றாக்கு என்பது புரோகிராமர் டான் ராபர்ட்ஸ் சொன்னதாக, கோடைச் சீரமைப்பது பற்றிய தன் புத்தகத்தில் மார்ட்டின் ஃபவுலர் 1999இலேயே எழுதிய விதி. அவசரப்பட்டால் என்ன ஆகும் என்பதற்கு நானே சாட்சி. விற்பனையும் ரிட்டர்னும் ஒரே மாதிரி இருக்கிறதே என்று 2022இல் இரண்டையும் ஒரே ஃபங்ஷனில், அதாவது கணக்குப் போடும் ஒரே கோடு துண்டில், போட்டவன் நான்தான். 20ஆம் தேதி வாங்கிய சோப்பை 23ஆம் தேதி திருப்பிக் கொடுத்தால் பழைய பில்லில் இருக்கும் 18தான் வர வேண்டும். என் ஃபங்ஷன் அன்றைய தேதியைப் பார்த்து 5 போட்டது. எதைச் சேர்ப்பது, எதைப் பிரித்தே வைப்பது என்பது அந்தக் கோடில் உழல்கிறவனுக்குத்தான் தெரியும். அவனுக்கே சில நேரம் தெரிவதில்லை.

இதைத் தனி வேலையாகப் பதிந்து டிக்கெட் போடுங்கள் என்கிறீர்கள். போட்டோமே, 2021இல். ஸ்பிரின்ட் என்கிற ஒவ்வொரு வேலைத் தவணையிலும் தள்ளித் தள்ளி, போட்டவருக்குக் கல்யாணமாகி, குழந்தை பிறந்து, அவர் வேறு கம்பெனிக்கும் போய்விட்டார். டிக்கெட் மட்டும் விசுவாசமாக இங்கேயே இருக்கிறது. புரோகிராமர் வார்ட் கன்னிங்ஹாம் 1992இல், கோடைச் சீர்செய்யாமல் தள்ளிப்போடுவதைக் கடன் என்றார். கணக்கு மென்பொருள் விற்கிற நமக்கு வட்டியைப் பற்றி யாராவது வந்து சொல்ல வேண்டுமா? கம்பெனி முழுக்கக் கூடும் டவுன்ஹால் கூட்டத்தில் 'தரமே நம் மூச்சு' என்று ஸ்லைடு போடுகிறீர்கள். மூச்சு விட நேரம் கேட்டால் 'பிறகு பார்க்கலாம்' பட்டியலான பேக்லாகில் போடச் சொல்கிறீர்கள். அந்த ஸ்லைடையாவது வருஷா வருஷம் காப்பி-பேஸ்ட் செய்யாமல் இருக்கலாம்.

மன்னிக்கவும், கேட்க வந்ததை விட்டு எங்கோ போய்விட்டேன்.

கதவைச் சாத்திக்கொண்டு ஆறு மாதம் எல்லாவற்றையும் புதிதாக எழுதுகிறோம் என்று நாங்கள் கேட்கவில்லை. இப்போது வரும் பில்லை, பிறகு ஒப்பிட்டுப் பார்க்க, முதலில் டெஸ்ட் கேஸாகப் பிடித்து வைப்போம். பிறகு ஒரு நேரத்தில் ஒரு திரை. புது வசதியை அதே கமிட்டில், அதாவது ஒரே மாற்றப் பதிவில், கலக்க மாட்டோம். கைவைக்கும் வேலை வரும்போது, அந்த எஸ்டிமேட்டுக்குள்ளேயே.

அடுத்த ஸ்பிரின்டில், திருப்பிய பொருளுக்குத் தரும் கிரெடிட் நோட் திரைக்கு வேலை வருகிறது. ஐந்து நாள் போட்டிருக்கிறேன். அதில் இரண்டு நாள் இதற்கு. மூன்று நாளாக வெட்டாமல் ஒப்புதல் தரும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பில்லிங் மாட்யூலிலிருந்து ஒருவன்