பாக்சைட் குழிகளை மூடுவதற்கு முன் ஒரு வேண்டுகோள்

மதிப்பிற்குரிய சுரங்கத் துறை அதிகாரிகளுக்கு,

வணக்கம். சேர்வராயன் மலையிலும் கொல்லிமலையிலும் அலுமினியத் தாதுவான பாக்சைட்டை வெட்டுவது நின்று ஆண்டுகள் பல ஆகிவிட்டன. குத்தகை, அனுமதி விவரமெல்லாம் உங்கள் கோப்புகளிலேயே இருக்கிறது. எஞ்சியிருப்பது குழிகள். கிடைத்த மண்ணைத் தள்ளி மட்டமாக்கி மரக்கன்று நட்டுவிட்டால் வேலை முடிந்தது என்ற பேச்சு இன்னும் ஓயவில்லை. நாங்கள் கேட்பது ஒன்றுதான்: மண்ணடுக்கு இருந்த வரிசையிலேயே குழியை நிரப்புங்கள்.

அந்த வரிசை தானாக வந்ததல்ல. பரங்கிமலையில் இருக்கும் அதே சார்னோக்கைட்தான் இம்மலைகளுக்கும் அடிப்பாறை. கரியமிலவாயு கலந்த மழைநீர் அதிலுள்ள ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிமத்தை அரித்து, சோடியத்தையும் கால்சியத்தையும் முதலில் கொண்டுபோனது. சிலிக்காவும் மெல்லக் கரைந்து போனது. நீரில் எளிதில் கரையாத அலுமினியமும் இரும்பும் தங்கிவிட்டன. பாறையில் 15 விழுக்காடு அளவிலிருந்த அலுமினா என்ற அலுமினிய ஆக்சைடு, பாக்சைட்டில் 40 விழுக்காட்டை ஒட்டி ஏறியது இப்படித்தான். சரிவில் மண் நிற்காது. பள்ளத்தில் நீர் தேங்கினால் சிலிக்கா வெளியேறாமல் களிமண்ணாகவே நின்றுவிடும். நீர் இறங்கி ஓரங்களில் வடியக்கூடிய மலையுச்சிச் சமவெளியில் மட்டுமே, மிக நெடுங்காலத்தில், பாக்சைட் விளையும்.

அதனால்தான் மேலே செம்புரைக்கல், நடுவே துளைகள் நிறைந்த பாக்சைட், அதன் கீழே வெண்களி, அடியில் பாறை என்ற அடுக்கு. மழைநீர் பாக்சைட்டில் ஊறி, களியைத் தாண்ட முடியாமல் பக்கவாட்டில் நகர்ந்து, மலையோரச் சுனைகளாக வெளிவருகிறது. பாக்சைட்டை எடுத்த பிறகு களியையும் மேல்மண்ணையும் கலந்து கொட்டினால் துளைகள் அடைபடும். மழை உள்ளே இறங்காமல் செந்நீராகச் சரிவில் ஓடிவிடும். ஐப்பசியில் வெள்ளம், பங்குனியில் வறண்ட சுனை. கீழேயுள்ள பழங்குடிக் குடியிருப்புகளில் குடத்தோடு அடுத்த சுனைக்கு ஏறியிறங்க வேண்டியவர்கள் பெண்கள்தான். மூடல் அறிக்கைகளில் நட்ட கன்றுகளுக்குக் கணக்குண்டு. அந்த நடைக்கும் ஒரு பத்தி இருக்க வேண்டாமா?

ஆகவே, களிப்படுகையை எந்திரம் கிழிக்காமல் பாருங்கள். கிழிந்த இடத்தைக் களியாலேயே அடைத்து இறுக்குங்கள். அதன்மேல், எடுத்துவிட்ட பாக்சைட்டுக்கு ஈடாக, ஒதுக்கிக் கிடக்கும் செம்புரைக்கல் உடைசலைப் போடுங்கள். அதில் களி கலக்கவே கூடாது. கடைசியாக மேல்மண். அதை 2 மீட்டருக்கு மேல் குவித்து வைத்தால் உள்ளே காற்றில்லாமல் நுண்ணுயிர்கள் மடிந்துவிடும். லாரி ஓடி இறுகிய தரையைக் கீறிவிட்ட பிறகே மண்ணைப் பரப்ப வேண்டும். இல்லையென்றால் வேர் இறங்காது.

குழி எத்தனை ஹெக்டேர் என்று அளக்கிறோம், கன்று எத்தனை என்று எண்ணுகிறோம், தண்ணீரை மட்டும் ஏன் அளப்பதில்லை? 20 லிட்டர் வாளியும் கைக்கடிகாரமும் போதும். வாளி நிறைய எத்தனை விநாடி என்று ஒவ்வொரு சுனையிலும் வாரம் ஒருமுறை ஊர்க்காரர்களே குறித்துவிடுவார்கள்.

குரல் சற்று உயர்ந்திருந்தால் பொறுத்தருளுங்கள். நிரப்பும் வேலைக்கு ஓராண்டு முன்பே இந்த அளவீட்டைத் தொடங்கவும், மண்ணடுக்கு வரிசையை மூடல் திட்டத்தில் கட்டாய நிபந்தனையாக எழுதவும் ஆணையிடும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.