அப்டேட் ஏறவில்லையா? ஃபார்மட் அடிக்கும் முன் பிழை எண்ணைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

லேப்டாப்பில் விண்டோஸ் அப்டேட் ஏறவில்லை என்று யாராவது சர்வீஸுக்குக் கொண்டுபோனால், ‘ஓ.எஸ். புதுசா போட்டுடலாம்’ என்பதுதான் பல கடைகளில் முதல் பதில். கடைக்காரருக்கு அது சுலபமான வேலை. டேலி, பிரிண்டர் டிரைவர், தமிழ்த் தட்டச்சு மென்பொருள், பாஸ்வேர்டுகள் என்று எல்லாவற்றையும் மறுபடி அமைத்துக்கொள்ளும் பாடு வாடிக்கையாளருடையது. இதே தொழிலில் இருக்கும் நாங்கள் சொல்கிறோம்: பெரும்பாலான அப்டேட் கோளாறுகளுக்கு ஃபார்மட் தேவையே இல்லை.

முதலில் பார்க்க வேண்டியது பிழை எண். அமைப்புகளில் விண்டோஸ் அப்டேட் பக்கத்துக்குப் போய் ‘அப்டேட் ஹிஸ்டரி’யைத் திறந்தால், தோற்றுப்போன அப்டேட்டின் பெயரும் பக்கத்திலேயே ‘0எக்ஸ்’ என்று தொடங்கும் எண்ணும் இருக்கும். இரண்டையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பின்னால் செய்யும் சில வேலைகளில் அந்தப் பட்டியலே அழிந்துவிடும்.

‘0எக்ஸ்’-க்குப் பின் 80070070 என்றால் சி டிரைவில் இடம் இல்லை, அவ்வளவுதான். 80072எஃப்8எஃப் என்றால் பெரும்பாலும் கடிகாரம் தப்பு. பழைய லேப்டாப்பில் மதர்போர்டு பேட்டரி செத்திருந்தால் தேதி பல வருடம் பின்னே போய்விடும். மைக்ரோசாஃப்ட் சர்வரின் பாதுகாப்புச் சான்றிதழை விண்டோஸ் ஏற்காது. தேதியைச் சரிசெய்தால் அப்டேட் இறங்கும். அந்தச் சின்ன பேட்டரியை மாற்றினால்தான் சரிசெய்த தேதி நிலைக்கும்.

இறக்கிய கோப்பு பாதியில் கெட்டிருந்தால் என்ன செய்வது? சர்வீசஸ் பட்டியலில் ‘விண்டோஸ் அப்டேட்’, ‘பேக்ரவுண்ட் இன்டெலிஜென்ட் டிரான்ஸ்ஃபர்’ இரண்டையும் நிறுத்துங்கள். சி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் ‘சாஃப்ட்வேர்டிஸ்ட்ரிபியூஷன்’, அதற்குள் ‘டவுன்லோட்’. அதில் இருப்பதை எல்லாம் அழித்துவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள். 80073712, 800எஃப்081எஃப் போன்ற எண்கள் வந்தால் விண்டோஸின் உள் கோப்புகளே சேதம். அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்த கமாண்ட் பிராம்ப்டில் முதலில் விண்டோஸின் கோப்புக் கிடங்கைச் சரிசெய்யும் டிஐஎஸ்எம் கட்டளையை ‘ரீஸ்டோர்ஹெல்த்’துடன் ஓட்டி, அது முடிந்த பிறகே, கெட்ட கோப்புகளுக்குப் பதில் நல்லவற்றை வைக்கும் ‘எஸ்எஃப்சி ஸ்கேன்நவ்’ ஓட்ட வேண்டும். எஸ்எஃப்சி தனக்கு வேண்டிய நல்ல கோப்பை எடுப்பது டிஐஎஸ்எம் சரிசெய்து வைத்த கிடங்கிலிருந்துதான். டிஐஎஸ்எம் 62.3 சதவீதத்தில் அசையாமல் நிற்பது வழக்கம். பொறுமை இழந்து மூடிவிடாதீர்கள். நெட் இணைப்பும் இருக்க வேண்டும்.

அதிகம் பேரைக் குழப்பிய எண் 80070643. 2024 ஜனவரி 9-ஆம் தேதி விண்டோஸ் 10-க்கு வந்த கேபி5034441 என்ற அப்டேட் எண்ணற்ற கணினிகளில் இந்த எண்ணோடு திரும்பத் திரும்பத் தோற்றது. காரணம் சி டிரைவில் இல்லை. கணினி துவங்காதபோது உதவும் மீட்புச் சூழலுக்கென்று டிஸ்க்கில் ஒரு மறைவான தனிப் பிரிவு, அதாவது ரெக்கவரி பார்ட்டிஷன் இருக்கிறது. புதிய மீட்புக் கோப்பை ஏற்ற அதில் 250 எம்பி காலி இடம் வேண்டும். பல லேப்டாப்களில் அது இல்லை. சி டிரைவில் 300 ஜிபி காலியாக இருந்தாலும் பயனில்லை. ‘இடம் போதவில்லை’ என்று சொல்லாமல் பொதுவான பிழை எண்ணைக் காட்டியது மைக்ரோசாஃப்ட் தரப்பின் பிசகுதான்.

இதைச் சரிசெய்ய, அதே கமாண்ட் பிராம்ப்டில் முதலில் ‘ரீஏஜென்ட்சி இன்ஃபோ’ கொடுத்து மீட்புச் சூழல் எந்த பார்ட்டிஷனில் இருக்கிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு ‘ரீஏஜென்ட்சி டிசேபிள்’. இப்போது மீட்புக் கோப்பு சி டிரைவின் சிஸ்டம்32-க்குள் உள்ள ‘ரெக்கவரி’ ஃபோல்டருக்கு வந்திருக்க வேண்டும். மறைவான கோப்புகளையும் காட்டச் சொல்லி, ‘வின்ஆர்இ’ என்ற பெயரில் சில நூறு எம்பி அளவில் கோப்பு இருப்பதைக் கண்ணால் பார்க்காமல் அடுத்த அடி வைக்கக் கூடாது. பார்த்த பிறகு, பார்ட்டிஷன்களை மாற்றும் கருவியான டிஸ்க்பார்ட்டில் சி-யை 250 எம்பி சுருக்கி, பழைய ரெக்கவரி பார்ட்டிஷனை நீக்கி, இரண்டு இடத்தையும் சேர்த்துப் புதிதாக ஒன்று உருவாக்கி, ரெக்கவரி வகைக்குரிய அடையாள எண்ணைக் கொடுத்து, என்டிஎஃப்எஸ்ஸில் ஃபார்மட் செய்து, ‘ரீஏஜென்ட்சி எனேபிள்’ கொடுக்க வேண்டும். அடையாள எண்ணை விட்டுவிட்டால் அது ஒரு சாதாரண டிரைவ் போல எக்ஸ்ப்ளோரரில் வந்து உட்காரும்.

நம் ஊர் லேப்டாப்களில் ஒரு சிக்கல் உண்டு. வாங்கியதுமே சி, டி என்று பிரித்துக் கேட்பது இங்கே பழக்கம். அப்படிப் பிரித்தால் டி டிரைவ் பெரும்பாலும் சி-க்கும் ரெக்கவரிக்கும் நடுவே அமையும். அப்போது சி-யைச் சுருக்கினால் அந்த 250 எம்பி ரெக்கவரியோடு ஒட்டாது. சுருக்க வேண்டியது டி-யை. டிஸ்க் மேனேஜ்மென்ட் படத்தில் ரெக்கவரிக்கு இடப்பக்கம் எது இருக்கிறது என்று பார்த்தாலே தெரிந்துவிடும். தவறான பார்ட்டிஷன் எண்ணைக் கொடுத்து நீக்கினால் டேட்டா போய்விடும் என்பதால், பேக்கப் எடுக்காமல் இதில் கைவைக்க வேண்டாம்.

இத்தனை பாடு அவசியமா? அந்த அப்டேட் அடைக்கும் ஓட்டை, லேப்டாப்பைக் கையில் வைத்திருப்பவர், டிஸ்க்கில் உள்ளதை மறையாக்கிப் பூட்டும் பிட்லாக்கரைத் தாண்டிப் போக வழிசெய்வது. பிட்லாக்கரே போடாதவர்கள் இந்த அப்டேட் ஏறாமல் கிடந்தால் விட்டுவிடலாம் என்பதே எங்கள் கருத்து. ஆனால் 80070643 டாட்நெட், டிஃபெண்டர் அப்டேட்டுகளுக்கும் வரும். அதனால்தான் எண்ணோடு பெயரையும் பாருங்கள் என்றோம்.

பிழை எண் சி1900101 என்று தொடங்கினால் சந்தேகம், கருவிகளை இயக்கும் மென்பொருளான டிரைவர் மேல். தேவையற்ற யுஎஸ்பி கருவிகளைக் கழற்றி, வெளியார் ஆன்டிவைரஸை நீக்கி, டிரைவர்களைப் புதுப்பித்து மறுபடி முயலலாம்.

எதுவும் சரிவரவில்லை என்றாலும் ஃபார்மட்டுக்கு முந்தைய படி ஒன்று மீதி இருக்கிறது. மைக்ரோசாஃப்ட் தளத்தில் விண்டோஸ் ஐஎஸ்ஓ கோப்பை (முழு விண்டோஸும் அடங்கிய நிறுவல் கோப்பு) இறக்கி, ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸுக்குள்ளேயே திறந்து ‘செட்டப்’பை இயக்கினால், கோப்புகளும் மென்பொருள்களும் இருந்தபடியே இருக்க, விண்டோஸ் மட்டும் புதிதாக ஏறும். சி-யில் 20 ஜிபியாவது காலி வேண்டும். பென்டிரைவிலிருந்து பூட் செய்தால் இந்த வசதி கிடைக்காது. ஐஎஸ்ஓவின் மொழியும் பொருந்த வேண்டும்: லேப்டாப்பில் ‘இங்கிலீஷ்’ இருக்க ‘இங்கிலீஷ் இன்டர்நேஷனல்’ கொண்டுவந்தால், மென்பொருள்களை வைத்துக்கொள்ளும் தேர்வு மங்கிப்போய் நிற்கும்.

விண்டோஸ் தன் பிழைகளைப் பதிந்துவைக்கும் ஈவென்ட் வியூவரில் ‘டிஸ்க்’ என்ற பெயரில் 7-ஆம் எண் பிழைகள் வரிசையாக இருந்தால் ஹார்ட் டிஸ்க்கே கெட்டுக்கொண்டிருக்கிறது. அதில் ஃபார்மட் அடிப்பதும் வீண் செலவு. டேட்டாவை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி மாற்றுங்கள். விண்டோஸ் 10-க்கு இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. நீட்டிப்புத் திட்டத்தில் சேராத லேப்டாப்புக்கு மாதாந்திரப் பாதுகாப்பு அப்டேட் வராதது கோளாறு ஆகாது.

லேப்டாப்பை யாரிடம் கொடுத்தாலும், அதற்கு முன் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து 48 இலக்க பிட்லாக்கர் மீட்பு எண்ணைக் காகிதத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். புதிய லேப்டாப்கள் பலவற்றில் அந்தப் பூட்டு உரிமையாளருக்கே தெரியாமல் போடப்பட்டிருக்கிறது. பயாஸிலோ (கணினியின் அடிப்படை அமைப்புகள்) பார்ட்டிஷனிலோ கைவைத்ததும் திரையில் அந்த எண்ணைக் கேட்கலாம்.

இப்படிக்கு,
லேப்டாப் சர்வீஸ் தொழிலில் உள்ள வாசகர்கள்,
மதுரை.