அம்மாவுக்குப் படி போட்டுக் கொடுத்தவர்களுக்கு

போன மாதம், ஜூலை முதல் சனிக்கிழமை, அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்து ரெய்னியர் மலைத் தேசியப் பூங்காவில் எங்களுக்குக் கைகொடுத்த எல்லோருக்கும் இந்த மடல். அவர்களில் பாதிப் பேருக்குத் தமிழ் தெரியாது. அவர்களுக்கென்று ஆங்கிலத்தில் எழுதிப் பூங்கா அலுவலகத்துக்கு அனுப்பியிருக்கிறேன், உரியவர்களிடம் போய்ச் சேருமா என்று தெரியாது. மீதிப் பேர் சியாட்டில் பக்கத்து நம்மவர்கள். அவர்களிடம் நன்றிக்கு முன்னால் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

"ஜூலைதானேன்னு சும்மா போயிடாதீங்க, பாரடைஸ்ல இன்னும் பனி கிடக்கும். ஷூவுக்கு அடியில மாட்டுற ஸ்பைக் எடுத்துட்டுப் போங்க" என்று அவர்களில் ஒரு அக்கா இரண்டு தடவை போன் பண்ணிச் சொன்னார். வெயிற்காலத்தில் என்ன பனி என்று நான்தான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஆனாலும் அவர் விடவில்லை. வெள்ளிக்கிழமை ராத்திரி தன்னுடைய மலைநடை ஷூவையும் இரண்டு ஜோடிக் கம்பளிக் காலுறையையும் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். சுடிதாரே போடாத என் அம்மா, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அந்த ஷூவோடுதான் அன்றைக்கு முழுக்க நடந்தாள். அக்கா, காலுறையைத் துவைத்து வைத்திருக்கிறேன். ஷூவைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

வீட்டுக்காரர் ஊரில் இல்லை. நான், அம்மா, ஒன்பது வயது மகன், மூன்று பேர்தான். மலையின் தெற்குச் சரிவில் விசிட்டர் சென்டர் இருக்கும் பாரடைஸ் 5,400 அடி. அங்கிருந்து கிளம்பி மலைச்சரிவைச் சுற்றிக்கொண்டு அங்கேயே திரும்பும் ஸ்கைலைன் பாதை ஐந்தரை மைல். காலையில் வானம் துடைத்துவிட்டது போல இருந்தது. பனி உருகிய இடங்களில் வெள்ளை அவலாஞ்ச் லில்லிப் பூ தலை நீட்டியிருந்தது. பெரிய அணில் மாதிரி ஒரு மார்மட் பாறைமேல் படுத்து வெயில் காய்ந்துகொண்டிருந்தது. அதைப் படமெடுக்க மகன் பாதையை விட்டு இறங்கி நாலடி வைத்திருப்பான், தன்னார்வலர் ஒரு அம்மையார் வந்து அவனைத் திரும்பக் கூப்பிட்டார். வருஷத்தில் பெரும்பகுதி பனிக்கடியில் கிடக்கும் செடி இது, வளர்ந்து பூத்து விதை விட இரண்டு மூன்று மாசம்தான் கிடைக்கும், ஒரு மிதி பட்டால் தேற வருஷக்கணக்காகும் என்று குந்தி உட்கார்ந்து அவனுக்குச் சொன்னார். எனக்கு அப்போது முகம் சுருங்கியது உண்மை. போகும்போது, மேலே மேகம் இறங்கினால் வந்த வழியே திரும்பிவிடுங்கள் என்றும் சொன்னார். அதையும் நான் கேட்கவில்லை. அம்மையாருக்கு நன்றி, இரண்டுக்கும்.

அந்தப் பாதையில் மேலே இருக்கும் பேனோரமா பாயின்ட் என்ற காட்சிமுனை ஏறக்குறைய 6,800 அடி. கொடைக்கானல் உயரம்தான் என்று அம்மாவிடம் சொன்னேன். "கொடைக்கானல்ல ஐஸ்மேல நடக்கணும்னு யாரும் சொன்னதில்லையே" என்றாள். தெற்கே ஆடம்ஸ், செயின்ட் ஹெலன்ஸ் இரண்டு மலைகளும் தெரிந்தன. அந்த உயரத்தில் ஒரு கழிப்பறை கட்டி வைத்த புண்ணியவான்களுக்கும் ஒரு கும்பிடு. சப்பாத்தியும் தக்காளித் தொக்கும் சாப்பிட்டு எழுந்தபோது மேகம் வந்துவிட்டது. பத்தே நிமிஷத்தில் பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. பாதை பனிக்கடியில். கால்தடங்கள் மட்டும் வரிசையாகத் தெரிந்தன, அதைப் பிடித்துக்கொண்டு நடந்தோம். "இது ஏறிக்கிட்டேதானே இருக்கு" என்று மகன் இரண்டு தரம் கேட்டான். சும்மா வா என்றேன்.

எதிரே இரண்டு உருவங்கள் வந்தன. ஹெல்மெட், பனிக்கோடரி, தோளில் கயிறு. ஓர் ஆண், ஒரு பெண். முந்தின நாள் ராத்திரி மலையேறிகள் தங்கும் கேம்ப் மியூர் முகாமிலிருந்து கிளம்பி 14,410 அடி உச்சியைத் தொட்டுவிட்டு இறங்கி வருகிறார்கள். நாங்கள் பிடித்துக்கொண்டு வந்தது, மேலே அந்த முகாமுக்குப் போகிற மலையேறிகளின் தடம். இன்னும் போயிருந்தால் பரந்த பனிவெளி, மேலே 10,188 அடி வரைக்கும். அந்த மனிதர் திட்டவில்லை. அம்மாவின் சேலையைப் பார்த்தார், ஷூவைப் பார்த்தார், எங்களோடு வாருங்கள் என்றார்.

இறங்குவதுதான் பெரும்பாடு. ஏறும்போது தெரியாத சரிவு இறங்கும்போது தெரிந்தது. அம்மா நடுவில் நின்றவள் நின்றவள்தான், முழங்கால் வெடவெடவென்று ஆடியது. அவர் அம்மாவுக்குக் கீழே போய் நின்று, குதிகாலால் பனியில் இரண்டு குத்துக் குத்தினார். ஒரு கால் கொள்ளும் அளவுக்குக் குழி. அம்மா அதில் காலை வைத்தாள். மறுபடி தொப், தொப். மறுபடி ஒரு கால். அந்தப் பெண் தன் ஊன்றுகோலை அம்மா கையில் கொடுத்துவிட்டு, மகனைப் பிடித்துக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் அம்மா கீழே பார்ப்பதையே விட்டுவிட்டாள். இரண்டு சத்தம் கேட்டால் கால் வைப்பாள், அவ்வளவுதான். "பழனி மலைப் படியை எவன் வெட்டினானோ, இந்தத் தம்பி எனக்காக வெட்டுது" என்று வாய் முனகியது. மகன் "அம்மாச்சி, அம்மாச்சி" என்று கத்துவதைக் கேட்டுக்கேட்டு, அவரும் "அம்மாச்சி, ஓகே?" என்று கேட்க ஆரம்பித்தார். ராத்திரி தூங்காமல் மலையேறி வந்த மனுஷன், முக்கால் மணி நேரம் இப்படிக் குத்திக்கொண்டே இறங்கினார்.

நடுவில் அவர் மூட்டையில் தொங்கிய நீலப் பையைப் பார்த்து, "சாப்பாடா? பாவம், சாப்பிடச் சொல்லு" என்றாள் அம்மா. மேலே மலம் கழித்தால் அதை நீலப் பையில் கட்டிக் கீழே கொண்டுவர வேண்டும் என்பது இந்த மலையில் விதி. அதை நான் அம்மாவுக்கு வீட்டுக்கு வந்த பிறகுதான் சொன்னேன்.

மேகத்துக்குக் கீழே வந்ததும் பாதை தெரிந்தது. விசிட்டர் சென்டரில் கேட்காமலே நாற்காலி இழுத்துப் போட்ட பணியாளருக்கும், அம்மாவின் கையைத் தன் கையுறைக்குள் வைத்துத் தேய்த்துவிட்ட யாரோ ஒரு பாட்டிக்கும் நன்றி. நான் அம்மாவின் ஷூவைக் கழற்றி நிமிர்வதற்குள் அந்த இருவரும் பார்க்கிங் பக்கம் போய்விட்டார்கள். பெயர்கூடக் கேட்கவில்லை. ஊன்றுகோல் எங்களிடமே தங்கிவிட்டது. கைப்பிடியில் மஞ்சள் டேப் சுற்றியது, யாருடையது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

அன்று ராத்திரி விஷயம் தெரிந்து மிளகு ரசத்தோடு வந்த அண்ணன் ஒரு வார்த்தை குத்திக்காட்டவில்லை. அது இன்னும் வலித்தது.

சரி, ஷூ விஷயம். அம்மா செப்டம்பரில் ஊருக்குப் போகிறாள். அதற்குள் மீதிப் பாதையையும் நடக்க வேண்டுமாம். ஆகஸ்ட் கடைசியில் பனி பெரும்பாலும் போயிருக்கும் என்கிறீர்கள். இருக்கட்டும் அக்கா. ஷூ இன்னும் மூணு வாரம் இங்கேயே கிடக்கட்டும், கூடவே ஸ்பைக்கும் கொடுங்கள். மூன்று ஜோடி.