க்யூஆர் அட்டையில் வங்கிப் பெயர் வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம். கடைகளிலுள்ள க்யூஆர் அட்டைகளின் மேல் வேறு குறியீட்டை ஒட்டிப் பணத்தைத் திருடும் மோசடி குறித்த தங்கள் செய்தியைப் படித்தேன். வாகன உதிரிபாகங்களைக் கண்காணிப்பதற்காக 1994-இல் ஜப்பானில் மசஹிரோ ஹாரா குழுவினர் உருவாக்கிய இக்குறியீடு, இயந்திரம் வாசிப்பதற்கென்றே அமைந்தது; ஒன்றுக்கும் மற்றொன்றுக்குமுள்ள வேறுபாடு நம் கண்ணுக்குப் புலப்படாது என்பதே மோசடிக்காரர்களுக்கு வசதியாகிவிட்டது. ரகசிய எண்ணை இடுமுன் திரையில் தோன்றும் பெயர்தான் வாடிக்கையாளருக்கு உள்ள காவல். வங்கியில் பதிவான பெயரையே செயலிகள் காட்ட வேண்டும் என்று என்பிசிஐ எனப்படும் தேசியப் பணப் பரிவர்த்தனைக் கழகம் 2025-இல் அறிவுறுத்தியது மிகவும் வரவேற்கத்தக்கது. ஆனால் அட்டையில் கடையின் பெயரும் திரையில் உரிமையாளரின் பெயரும் இருந்தால், வாடிக்கையாளர் எதை எதனோடு ஒப்பிடுவார்?

எங்கள் தெருமுனையில் பூ விற்கும் அம்மாவிடம் ஒருநாள் காலை 40 ரூபாய்க்குப் பூ வாங்கியபோது திரையில் ஓர் ஆணின் பெயர் வந்தது. அவருடைய மகனாக இருக்கும் என்று எண்ணிப் பணத்தை அனுப்பிவிட்டேன். அன்றைய வியாபாரம் முழுவதும் யாரோ ஒருவரின் கணக்குக்குப் போயிருந்தது மாலையில்தான் தெரியவந்தது. அந்த அம்மாவின் முகம் இன்னும் என் மனத்தை விட்டு அகலவில்லை. எனவே வங்கியில் பதிவான பெயரைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் பெரிய எழுத்தில் அச்சிட்ட புதிய அட்டைகளை, சிறு வியாபாரிகளுக்கு வங்கிகளும் செயலி நிறுவனங்களும் கட்டணமின்றி வழங்க ரிசர்வ் வங்கி ஆவன செய்ய வேண்டும்.

– வாசகர் ஒருவர், மதுரை