யூகான் ஆற்று மீனைப் பற்றித் தம்பி செந்திலுக்கு

அன்புள்ள செந்தில்,

போன வாரம் போனில் நீ கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. "நம்ம ஊர் தடைக்காலம் மாதிரி கொஞ்ச நாள் பிடிக்காம விட்டா சால்மன் தானா பெருகிடும். இதுக்கு ஏன் இத்தனை சண்டை?" என்றாய். சிக்கலே அந்த ஒப்பீட்டில்தான் இருக்கிறது. நம் கிழக்குக் கடற்கரையில் 61 நாள் தடை வந்தால் கரையில் கட்டிக் கிடப்பது விசைப்படகு. நாட்டுப்படகு கடலுக்குப் போய்க்கொண்டுதான் இருக்கும். கனடாவில் தொடங்கி அலாஸ்கா வழியாகப் பெரிங் கடலில் விழும் யூகான் ஆற்றில் கதை தலைகீழ்: கரையில் உட்கார்ந்தது சிறியவன், பெரிய கப்பல் கடலில் போய்க்கொண்டிருந்தது.

2024 ஏப்ரல் 1 அன்று அமெரிக்காவின் அலாஸ்கா மாநிலமும் கனடாவும் ஓர் ஒப்பந்தம் போட்டன. யூகான் ஆற்றில் சினூக் என்ற வகை சால்மனை ஏழு வருஷம் பிடிக்கக் கூடாது. ஒரு சினூக் பிறந்து, கடலுக்குப் போய், திரும்பி வந்து முட்டையிட்டுச் சாகும் காலக் கணக்கு அது. வருஷத்துக்கு 71,000 மீன் எல்லை தாண்டிக் கனடாவுக்குள் போய்ச் சேர வேண்டும் என்பது இலக்கு. எல்லைக்குப் பக்கத்தில் ஈகிள் என்ற ஊரில் ஒலியலையால் மீனைக் கண்டறியும் சோனார் கருவி வைத்து எண்ணுகிறார்கள்; 2022-ல் வந்தவை சுமார் 12,000. ஆக, தடையே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. கனடாப் பக்கத்து டெஸ்லின் ட்லிங்கிட் என்ற பழங்குடி மக்கள் யாரும் சொல்லாமலே பல வருஷம் முன்பே தங்கள் வலையைச் சுருட்டி வைத்துவிட்டார்கள்.

சுருட்டி வைத்தது வலையை மட்டும் இல்லை. யூகான் கரைப் பழங்குடிகள் கோடையில் குடும்பத்தோடு ஆற்றோரம் முகாம் போடுவார்கள். சினூக்கை, அவர்கள் பேச்சில் 'கிங்', நீள நீளக் கீற்றாக அறுத்து, உப்புத் தண்ணீரில் முக்கி, புகைக் கொட்டகையில் நாள்கணக்கில் தொங்கவிடுவார்கள். எண்ணெய் சொட்டும். ஆற்றுக்குள் நுழைந்தபின் இந்த மீன் இரையெடுப்பதில்லை. 3,000 கிலோமீட்டர் வரைகூட எதிர்நீச்சல் போட உடம்பில் சேர்த்த கொழுப்புதான் கட்டுச்சோறு. அங்கே பெரும்பாலான கிராமங்களுக்குச் சாலை கிடையாது, கடைச் சாமான் விமானத்தில் வர வேண்டும். அறுக்கக் கற்றுக்கொள்ள வேண்டிய வயதில் இருக்கும் பிள்ளைக்கு ஏழு வருஷம் எவ்வளவு நீளம் என்று யோசித்துப் பார்.

சரி, கடலுக்கு வருவோம். நீ சாலட்டில் போட்டுக்கொள்ளும் நண்டுக்குச்சியில் நண்டு கிடையாது தெரியுமா? பெரும்பாலும் அது பொல்லாக் என்ற மீன். பெரிங் கடலில் பெரிய இழுவைக் கப்பல்கள் அதை அள்ளுகின்றன. கூடவே சால்மனும் மாட்டும். அதை விற்கக் கூடாது, எண்ணிக் கணக்குக் கொடுக்க வேண்டும். சினூக்குக்கு ஓர் உச்சவரம்பு வைத்திருந்தார்கள். 'சம்' என்ற இன்னொரு வகை சால்மனுக்கு அப்போது அப்படிக் கறாரான வரம்பு இருக்கவில்லை. 2021-ல் 5 லட்சத்துக்கும் மேற்பட்ட சம் அந்த வலைகளில் மாட்டின. அதே கோடையில் யூகான்காரர்களுக்குச் சொந்தச் சாப்பாட்டுக்குக்கூடச் சம் பிடிக்க அனுமதி இல்லை.

கப்பல்காரர்கள் சொல்வதையும் கேட்க வேண்டும். மரபணு பார்த்ததில், அந்த 5 லட்சத்தில் மேற்கு அலாஸ்கா ஆறுகளுக்கு உரியவை ஏறக்குறைய பத்தில் ஒன்றுதான். பெரும்பாலானவை ஆசியாவிலிருந்து வந்தவை; அவற்றில் பல, மீன் பொரிப்பகங்களில் வளர்த்து விட்ட குஞ்சுகள். மீன் குறைந்ததற்குக் கடலும் ஆறும் சூடானதுதான் பெரிய காரணம் என்பதும் பொய்யில்லை. 2019 ஜூலையில் யூகானின் கிளையான கொயுகுக்கில் தண்ணீர் சூடேறி, வயிற்றில் முட்டையோடு சம் செத்து மிதந்தன. "நாங்கள் நிறுத்தினாலும் மீன் திரும்பிவிடாது" என்கிறார்கள். இருக்கலாம். ஆனால் இதே வாதத்தை ஆற்றங்கரைக் கிழவி சொன்னால் யாராவது ஏற்றார்களா? கடலைச் சூடாக்கியது அவள் புகைக் கொட்டகையா? பத்தில் ஒன்று என்றாலும் 50 ஆயிரம் மீன், செந்தில். ஒன்றுகூடப் பிடிக்கக் கூடாது என்று உட்கார வைக்கப்பட்டவளிடம் போய் அது சின்னக் கணக்கு என்று சொல்ல எனக்கு வாய் வராது.

அந்தக் கடலின் மீன்பிடி விதிகளை வகுக்கும் வட பசிபிக் மீன்வள மன்றத்தில் 11 வாக்குகள். பழங்குடிகளுக்கென்று ஒதுக்கிய இடம் ஒன்றுகூட இல்லை. பொல்லாக் அளவை எதிர்த்து 2023-ல் பழங்குடி அமைப்புகள் வழக்குப் போட்டன, 2025-ல் தோற்றன. எனக்குக் கோபம் தடையின் மேல் இல்லை, அது தொடங்கிய இடத்தின் மேல். எண்ண ஆளும், மாற்று வழி தேடப் பணமும் உள்ள கப்பல்காரன் முதலில் வலையைச் சுருட்டியிருக்க வேண்டும்.

ஆகஸ்டில் கனடாவில் யூகான் கரையில் இருக்கும் வைட்ஹார்ஸ் போயிருந்தேன், சொன்னேனா? அணையைத் தாண்டி மீன் மேலே ஏற, அதை ஒட்டி மரத்தால் கட்டிய மீன் ஏணி ஒன்று உண்டு. கண்ணாடி வழியே பார்க்கலாம். ஒரு மணி நேரம் வெறும் பச்சைத் தண்ணீர். பக்கத்தில் ஒரு சிறுமி கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு நின்றாள். அப்புறம் ஒன்று வந்தது. உடம்பெல்லாம் சிவந்து, வால் தேய்ந்து, ஆடாமல் கொஞ்ச நேரம் நின்றது. அது மேலே போனதும் அங்கே வேலை பார்க்கும் பெண் எழுந்து போய், பலகையில் இருந்த எண்ணைத் துடைத்துவிட்டு ஒன்று கூட்டி எழுதினாள்.

அன்புடன்,
அண்ணன்